ஏழா, பத்தா? பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் இதய நோயாளிக்கு எப்போது ரத்தம் ஏற்றுவது

பெரிய அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். நோயாளிக்கு 70 வயது. ஐந்து வருஷத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. நெஞ்சு வலி இல்லை, ரத்த அழுத்தமும் சீராக இருக்கிறது. நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 104. இவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமா, இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

இருபது வருஷத்துக்கு மேலாக மருத்துவ உலகம் 'பொறுக்கலாம்' என்ற பக்கமே சாய்ந்திருந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க இதய சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வெளியான டாப் என்ற ஆய்வு இந்தக் கேள்வியை மறுபடி கிளப்பியிருக்கிறது. அதன் முடிவை 'அதிக ரத்தம் ஏற்றுவதால் பயனில்லை' என்றும் சொல்லலாம், 'அதிக ரத்தம் ஏற்றினால் இதயச் சிக்கல் குறைகிறது' என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அதே ஆய்வில் எண்கள் இருக்கின்றன. படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? அடிப்படையிலிருந்து வருவோம்.

அந்த எண் எதைச் சொல்கிறது

நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடல் முழுக்கக் கொண்டுபோய் இறக்குவது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். 'எச்.பி. எட்டு' என்றால் 100 மில்லி ரத்தத்தில் 8 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக, 15 கிராம் உள்ளவரின் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி ஆக்சிஜன், 8 கிராம் உள்ளவரிடம் கிட்டத்தட்ட 10.5 மில்லி.

பாதியாகக் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. ஓய்வில் இருக்கும் உடல், வருகிற ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் முக்கால் பங்கு இதயத்துக்குத் திரும்பிப் போகிறது. ஹீமோகுளோபின் இறங்கும்போது உறுப்புகள் அந்த மிச்சத்திலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும், இதயமும் கொஞ்சம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஹீமோகுளோபினை, ரத்தத்தின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொண்டு, 5 கிராம் வரை இறக்கிப் பார்த்தார்கள். ஓய்வில் இருந்த அவர்கள் உடலில் ஆக்சிஜன் போதவில்லை என்பதற்கான அடையாளம் தென்படவில்லை.

சரி, அப்படியென்றால் 8.2 பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த மிச்ச முக்கால் பங்கு இதயத்தின் தசைக்குக் கிடையாது.

இதயத்துக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு

மற்ற உறுப்புகள் கால் பங்கு எடுத்தால், இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கையிருப்பு என்று ஒன்று அதனிடம் இல்லை. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் ஒரே வழி, அதற்குள் ஓடும் ரத்தத்தின் அளவைக் கூட்டுவது. ஆரோக்கியமான ரத்தக்குழாய் விரிந்து கொடுத்து இதைச் செய்துவிடும். கொழுப்புப் படிந்து குறுகிய குழாயால் அந்த அளவுக்கு விரிய முடியாது.

இதோடு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களின் சிக்கல்களும் சேர்கின்றன:

1. வலி, காய்ச்சல், உடலின் அழற்சி எல்லாம் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கின்றன. இதயத் தசைக்கு, குறிப்பாக இடது கீழறைக்கு, ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான தளர்வு நேரத்தில்தான் போகிறது. துடிப்பு கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குகிறது. தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து குறைகிறது.

2. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் மாரடைப்பில் ஒரு பகுதி, ரத்தக்குழாய் திடீரென அடைத்துக்கொள்வதால் வருவதல்ல. தேவைக்கும் வரத்துக்கும் இடையிலான இந்தப் பற்றாக்குறையால் வருவது. இதை இரண்டாம் வகை மாரடைப்பு என்கிறார்கள்.

3. நெஞ்சு வலி வந்தால்தானே தெரியும் என்று நினைப்போம். வலி மருந்துகளின் பிடியில் இருக்கும் நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையில்தான் பாதிப்பு வெளிப்படுகிறது. ஆகவே 'வலி இல்லை' என்ற பதில், இந்த நோயாளிகள் விஷயத்தில், பெரிய ஆறுதல் இல்லை.

உடற்கூறு சொல்லும் இந்த நியாயத்துக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்றும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. அப்படி மறுத்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,958 பேரின் பதிவுகளை ஜெஃப்ரி கார்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டது. அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.3 சதவீதம். 6-க்குக் கீழே இருந்தவர்களில் 33.3 சதவீதம். ஹீமோகுளோபின் இறங்க இறங்க ஆபத்து ஏறியது, இதய நோய் உள்ளவர்களிடம் அந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாக இருந்தது. ரத்தம் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் தரவு வேறு எங்கும் கிடைப்பது அரிது.

பத்திலிருந்து ஏழுக்கு

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லுண்டி என்ற இரு மயக்கவியல் மருத்துவர்கள் 1942-இல், ஹீமோகுளோபின் 8 முதல் 10 கிராமுக்குக் கீழே இருந்தால் அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அது அனுபவத்தில் சொன்ன ஆலோசனை, ஆய்வில் கண்ட முடிவல்ல. ஆனால் '10-க்குக் கீழே போனால் ஏற்று' என்பது நாற்பது வருஷம் எழுதாத சட்டமாக இருந்தது.

1980-களில் ரத்தம் வழியாக எச்.ஐ.வி. பரவுவது தெரியவந்ததும் நிலைமை மாறியது. வேண்டாத இடத்தில் ரத்தம் ஏற்றுகிறோமோ என்ற கேள்வி எழுந்தது. 1988-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம், ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றது.

பெரிய திருப்பம் 1999-இல் கனடாவிலிருந்து வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 838 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம், இதைச் சிக்கன முறை என்போம். மற்றொரு பிரிவுக்கு 10-க்குக் கீழே போனாலே ரத்தம், இது தாராள முறை. முப்பது நாளில் இறந்தவர்கள் சிக்கன முறையில் 18.7 சதவீதம், தாராள முறையில் 23.3 சதவீதம். குறைவாக ஏற்றியும் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்பது எல்லோரையும் அசைத்தது. அந்த ஆய்விலேயே ஒரு சின்னக் குறிப்பு இருந்தது: வயது குறைந்தவர்களிடமும் நோயின் கடுமை குறைந்தவர்களிடமும் தெளிவாகத் தெரிந்த நன்மை, இதய நோய் உள்ளவர்களிடம் தெரியவில்லை. பரவிய செய்தியில் அந்தக் குறிப்பு உரிய இடத்தைப் பெறவில்லை என்பதே என் எண்ணம்.

அப்புறம் வந்த ஆய்வுகளில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட, இதய நோயோ அதற்கான ஆபத்துக் காரணங்களோ உள்ள 2,016 பேரிடம் நடந்த ஃபோகஸ் ஆய்வு 2011-இல் வந்தது. அதில் சிக்கன எல்லை 7 அல்ல, 8. அதோடு, அறிகுறி தெரிந்தால் 8-க்கு மேல் இருந்தாலும் ஏற்றலாம் என்ற அனுமதியும் இருந்தது. அறுபதாம் நாளில் இறந்தவர்களும் துணையில்லாமல் அறைக்குள் பத்தடி நடக்க முடியாதவர்களும் சேர்ந்து தாராள முறையில் 35.2 சதவீதம், சிக்கன முறையில் 34.7 சதவீதம். வித்தியாசம் இல்லை.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ட்ரிக்ஸ் 3 ஆய்வு 2017-இல் வெளியானது. 7.5 என்ற எல்லை, 9.5 என்ற எல்லையைவிட மோசமில்லை என்று அது நிறுவியது.

மூன்றாவது 2023-இன் மின்ட். மாரடைப்பு வந்து, ஹீமோகுளோபினும் 10-க்குக் கீழே இருந்த 3,504 பேரிடம் நடந்தது. முப்பது நாளில் மறுபடி மாரடைப்பு வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து சிக்கன முறையில் 16.9 சதவீதம், தாராள முறையில் 14.5 சதவீதம். புள்ளியியல் எல்லைக்கோட்டை மயிரிழையில் தவறவிட்ட முடிவு. இதயக் காரணங்களால் நேர்ந்த மரணம் மட்டும் பார்த்தால் 5.5 சதவீதமும் 3.2 சதவீதமும். 2025-இல் வந்த அமெரிக்க இதயநோய் வழிகாட்டுதல், கடுமையான இதய ரத்தக்குழாய் நோயில் ஹீமோகுளோபினை 10 அளவில் வைத்திருப்பது நியாயமாக இருக்கலாம் என்று, தயக்கத்தோடுதான், சொன்னது.

இடையில் ஒரு காலி இடம் இருந்தது. மாரடைப்பு வராத, ஆனால் இதய ஆபத்து அதிகமுள்ள ஒருவர், இதயம் அல்லாத வேறொரு பெரிய அறுவை செய்துகொண்டால் 7 வரை விடலாமா?

டாப் ஆய்வில் என்ன நடந்தது

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென அரசு நடத்தும் 16 மருத்துவமனைகளில், பானோஸ் கூகியாஸ் என்ற ரத்தக்குழாய் அறுவை நிபுணரின் தலைமையில் நடந்த ஆய்வு இது. சேர்ந்தவர்கள் 1,428 பேர். சராசரி வயது 70, கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். இதயத்துக்கோ மூளைக்கோ கால்களுக்கோ போகும் ரத்தக்குழாய்களில் நோய் உள்ளவர்கள். பெரிய ரத்தக்குழாய் அறுவையோ பெரிய பொது அறுவையோ முடிந்து, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கியவர்கள். ஒரு பிரிவுக்கு 7-க்குக் கீழே போனால் ரத்தம், மற்றதற்கு 10-க்குக் கீழே போனால் ரத்தம்.

முதன்மைக் கேள்வி: 90 நாளுக்குள் மரணம், மாரடைப்பு, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை, கடும் சிறுநீரகப் பாதிப்பு, பக்கவாதம், இவற்றில் ஏதாவது ஒன்று எத்தனை பேருக்கு வந்தது? தாராள முறையில் 9.1 சதவீதம், சிக்கன முறையில் 10.1 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்.

இரண்டாம் நிலைக் கேள்விகளில் ஒன்று, மாரடைப்பு அல்லாத இதயச் சிக்கல்கள் பற்றியது. இதயத் துடிப்பு தாறுமாறாவது, இதயச் செயலிழப்பு, இதயம் நின்றுபோய் மீட்கப்படுவது ஆகியவை. தாராள முறையில் 5.9 சதவீதம், சிக்கன முறையில் 9.9 சதவீதம். நூறு பேரில் நான்கு பேர் வித்தியாசம்.

இதை எப்படிப் படிப்பது

1. 'வித்தியாசம் காணப்படவில்லை' என்பதும் 'இரண்டும் ஒன்றுதான்' என்பதும் ஒன்றல்ல. முதன்மை முடிவின் நம்பக எல்லையை, அதாவது உண்மையான விளைவு இருக்கக்கூடிய வரம்பை, பார்த்தால், தாராள முறை ஆபத்தை 35 சதவீதம் வரை குறைக்கவும் செய்யலாம், 24 சதவீதம் வரை கூட்டவும் செய்யலாம். 1,428 பேர் பெரிய கூட்டம்தான், ஆனாலும் இந்த வரம்பைச் சுருக்க அது போதவில்லை.

2. இரண்டாம் நிலை முடிவு தீர்ப்பு அல்ல, தடயம். பல கேள்விகளைக் கேட்டால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் தென்படலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் இங்கே வழக்கமான 95 சதவீதத்துக்குப் பதிலாக 99 சதவீத நம்பக எல்லையை வைத்தார்கள். வித்தியாசம் அதையும் தாண்டியது, மிகக் கொஞ்சமாக.

3. அந்தத் தடயம் வந்த திசை முக்கியம். ரத்தம் அதிகம் ஏற்றினால் உடலில் திரவச் சுமை கூடி இதயச் செயலிழப்பு வரும் என்பதே சிக்கனக் கட்சியின் வலுவான வாதங்களில் ஒன்று. இதயச் செயலிழப்பையும் உள்ளடக்கிய அந்தப் பட்டியல் தாராள முறையில் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. மின்டும் இதே பக்கம் சாய்ந்திருந்ததால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

4. பெண்கள் மிகக் குறைவு. வயதான படைவீரர்களிடம் கண்டதை அப்படியே பெண்களுக்குப் பொருத்த முடியாது.

5. ஒப்பிட்டது 7-ஐயும் 10-ஐயும். இடையில் உள்ள 8-ஐயும் 9-ஐயும் அல்ல. ஏ.ஏ.பி.பி. (முன்பு அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கம்) அமைப்பின் 2023 வழிகாட்டுதல், பொதுவான நோயாளிகளுக்கு 7, இதய அறுவைக்கு 7.5, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் எலும்பு அறுவைக்கும் 8 என்று பிரிக்கிறது. ஆகவே டாப் முடிவை வைத்து '8 என்ற எல்லை தப்பு' என்று யாரும் சொல்ல முடியாது. '7 வரை விடுவது இந்த நோயாளிகளுக்குப் பாதுகாப்பானதுதானா' என்ற சந்தேகத்தை மட்டுமே அது எழுப்புகிறது.

அந்த ஒரு பை

அப்படியானால் எல்லோருக்கும் தாராளமாக ஏற்றிவிட்டால் என்ன? அதற்கும் விலை உண்டு.

ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரியில் இருந்த சிவப்பணுப் பை வார்டுக்கு வருகிறது. ஏறக்குறைய 300 மில்லி. நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், ரத்த வகை, பையின் எண், காலாவதி தேதி என்று ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கட்டிலருகே நின்று ஒத்துப்பார்க்கிறார்கள். ஆள் மாறி, வகை மாறிய ரத்தம் ஏறுவதுதான் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு என்பதால் இந்தச் சடங்கில் அவசரம் கூடாது. முதல் 15 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, காய்ச்சலோ நடுக்கமோ மூச்சுத்திணறலோ வருகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முடிவில் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறியிருக்கும்.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் பற்றிய பயமே மக்களிடம் பெரிதாக இருக்கிறது. நல்ல பரிசோதனை உள்ள இடங்களில் இன்று அதைவிடப் பெரிய ஆபத்து திரவச் சுமை. பலவீனமான இதயத்தால் கூடுதல் திரவத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மின்ட் ஆய்வில் இது தாராள முறையில் 1.3 சதவீதம் பேருக்கும் சிக்கன முறையில் 0.6 சதவீதம் பேருக்கும் வந்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் ரத்தம் ஏற்றுவதால் நேரும் மரணங்களுக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களால் நுரையீரல் திடீரெனப் பாதிக்கப்படுவதும் உண்டு, அது அரிது.

இன்னொன்று, பையில் இருக்கும் ரத்தம் உடலில் ஓடும் ரத்தத்துக்கு முழுச் சமம் அல்ல. சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை சேமிக்கலாம். நாளாக ஆக, ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்க உதவும் டி.பி.ஜி. என்ற பொருள் அவற்றில் குறைகிறது. உடலுக்குள் வந்தபின் அது மறுபடி முழுமையாக உருவாக இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம். ஆகவே பரிசோதனை அறிக்கையில் 1 கிராம் ஏறிய அந்தக் கணமே திசுவுக்கும் அதே பலன் கிடைத்துவிட்டதாக எண்ண முடியாது.

ரத்தம் தேவைப்படாமலே பார்த்துக்கொள்வது இதைவிடச் சிறந்தது. அறுவையின்போது டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தால் ரத்தப்போக்கு குறைகிறது: 9,535 பேரிடம் நடந்த பாய்ஸ் 3 ஆய்வில் கடுமையான ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. அறுவைக்கு முன் ரத்தசோகையைக் கண்டுபிடித்துக் காரணத்தைச் சரிசெய்வது இன்னொரு வழி. அதிலும் குருட்டு நம்பிக்கை கூடாது. பெரிய வயிற்று அறுவைக்கு முன் எல்லா ரத்தசோகைக்காரர்களுக்கும் இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றிப் பார்த்த ப்ரிவென்ட் ஆய்வில், ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை.

கட்டிலருகே திரும்பிப் போனால்

அந்த 70 வயதுக்காரரின் 8.2-ஐ இப்போது பார்ப்போம். மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த எண் உண்மையா என்பது.

இரண்டு நாளாகப் பல லிட்டர் குளுக்கோஸும் உப்புநீரும் ஏறியிருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறைந்து காட்டும். சிறுநீர் நன்றாகப் போனதும் தானாகவே ஏறிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, போவது முழு ரத்தம் என்பதால், முதல் சில மணி நேரம் எண் அதிகம் இறங்காது. ஆறு மணி நேரத்துக்கு முன் 9.6, இப்போது 8.2 என்றால் அது ஒரு கதை. மூன்று நாளாக 8.3, 8.1, 8.2 என்று நின்றால் அது வேறு கதை. ஒற்றை எண்ணைவிட அதன் போக்கு அதிகம் சொல்லும்.

அடுத்தது 104 என்ற நாடித்துடிப்பு. வலியாலா, காய்ச்சலாலா, வழக்கமாகச் சாப்பிட்டுவந்த, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அறுவைக்குப் பின் நின்றுபோனதாலா? இவற்றைச் சரிசெய்தாலே துடிப்பு இறங்கிவிடலாம், இதயத்தின் தேவையும் குறையும். எல்லாம் சரிசெய்தபின்னும் இறங்கவில்லையா, ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிகிறதா, ட்ரோபோனின் ஏறியிருக்கிறதா, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 8.2 என்பது பொறுத்திருக்கும் எண் அல்ல. ஃபோகஸ் ஆய்வின் சிக்கன முறைகூட அறிகுறி வந்தால் ஏற்றவே சொன்னது.

குடும்பத்தினர் இங்கே உதவ முடியும். ஸ்டென்ட் வைத்த வருஷம், பழைய எக்கோ அறிக்கை, வீட்டில் சாப்பிட்ட மாத்திரைகள், அறுவைக்கு முன் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதா என்ற விவரம், இவை எந்தப் பரிசோதனையிலும் வராது. "எச்.பி. எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நேற்று எவ்வளவு இருந்தது, எதனால் குறைகிறது, இதயத்துக்குச் சிரமம் இருக்கிறதா?" என்றும் கேட்கலாம்.

ஏற்றுவது என்று முடிவானால், ரத்தப்போக்கு இல்லாதவருக்கு ஒரு சமயத்தில் ஒரு யூனிட், அதாவது ஒரு பை. அதை மூன்று, மூன்றரை மணி நேரத்தில் மெதுவாக ஓடவிட்டு, மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்துக்கொண்டு, தேவைப்பட்டால் நீர் பிரியும் மருந்தும் கொடுத்து, முடிந்தபின் ஹீமோகுளோபினை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது பையை வரவழைப்பதா வேண்டாமா என்பது அந்தப் பரிசோதனைக்குப் பிறகுதான்.